ஃபென்பி விமானத்தளத்து ஆர்கன் விழா

மனித நாகரிகத்தின் உச்சியைக் காண விரும்புகிறவர்கள் இமயமலைக்கெல்லாம் போய் மூச்சிரைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஃபென்பி என்ற பழைய போர்க்கால விமானத்தளத்துக்கு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை போனால் போதும்.

அன்று நாடெங்கிலுமிருந்து பழைய இயந்திர ஆர்கன்கள் அங்கே வந்து கூடும். துளைபோட்ட அட்டையை உள்ளே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் தானே பாடும் பெட்டிகள். சில தள்ளுவண்டி அளவு. சில லாரி நீளம். அவற்றின் முன்னால் மரப்பொம்மைகள் மணியடிக்கும்.

சென்ற ஆண்டு எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டைப் பாடிவிட்டன. தளத்தையொட்டிப் புதிதாக வீடு வாங்கியிருந்த ஒருவர் புகார் செய்தார். விமான ஓடுபாதைக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கு அமைதி மிகவும் முக்கியம். உடனே விழாத் தலைவர் கத்பர்ட் பிம் அவர்கள் 'ஒலி நல்லிணக்கக் குழு' ஒன்றை அமைத்தார். குழு பலமுறை கூடி, பலமுறை தேநீர் அருந்தி, பொன்னான விதி ஒன்றை வகுத்தது: ஒரு நேரத்தில் ஓர் ஆர்கன்தான் பாடலாம்; தொடங்குமுன் பக்கத்திலிருப்பவரிடம், "நீங்கள் முதலில் தொடங்குகிறீர்களா?" என்று கேட்டாக வேண்டும்.

ஆங்கிலேயரிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் குழு யோசிக்கவில்லை.

பஸ் ஓட்டுநர் நார்மன் ஃபிஸ்க், தன் சின்னக் கை ஆர்கனை ஒரே ஒருவருக்காகக் கொண்டுவந்திருந்தார். ஐவி பிராக்கன்பரிக்குத் தொண்ணூறு வயது. போரின்போது இந்தத் தளத்துச் சமையலறையில் வேலை செய்தவர். ஞாயிறு தோறும் தேவாலய ஆராதனை முடிந்ததும் நார்மன் முதியோர் இல்லத்துக்குப் போய் அவருக்கு பிஸ்கட் கொடுப்பார். மாவு ஒட்டிய ஏப்ரனோடு, விமானக் கொட்டகையில் ஓர் ஆர்கன் பாட்டுக்கு ஆடியதை ஐவி ஒருமுறை சொன்னார். இன்னொரு தடவை அங்கே கேட்க வேண்டும் என்றும் சொன்னார். இல்லத்து வேன் அவரை இன்று அழைத்து வந்திருந்தது. நான்கு மணிக்குத் திரும்பிவிடும்.

காலையில் நார்மன் விதிப்படி பக்கத்துப் பெரிய ஆர்கன்காரர் டெஸ்மண்டைக் கேட்டார்.

"நீங்க ஆரம்பிக்கிறீங்களா?"

"சேச்சே, நீங்க முதல்ல."

"இல்லங்க, உங்களுது பெரிசு."

"அதனாலதான் சொல்றேன். பெரிசு பொறுத்துக்கும்."

டெஸ்மண்ட் தனக்கு அடுத்தவரைக் கேட்டார். அவர் தனக்கு அடுத்தவரை. கேள்வி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபக்கமாக நார்மனிடமே வந்து சேர்ந்தது. அவரும் பண்பாடு குறையாமல் டெஸ்மண்டைக் கேட்டார். ஒரு பெட்டியும் பாடவில்லை. வந்தவர்கள் கேக் தின்றபடி பெட்டிகளின் வார்னிஷைப் பாராட்டினார்கள். ஒருவர் வீடியோ கேமராவில் நிசப்தத்தைப் பதிவு செய்தார். இதுவரை ஒரு புகாரும் இல்லை என்று தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. சற்று மெதுவாகத் தட்டும்படி கேட்டுக்கொண்டார்.

சக்கர நாற்காலியில் இருந்த ஐவி, மணியடிக்கச் சுத்தியலைத் தூக்கியபடி நின்ற மரப்பொம்மையை வெகுநேரம் பார்த்தார்.

"இது செத்துப்போச்சா நார்மன்?"

"இல்ல ஐவி அம்மா. முறைக்காகக் காத்திருக்கு."

நான்கு மணிக்கு வேன்காரர் வந்து கதவைத் திறந்தார். ஐவி புன்னகைத்தார்.

"பரவாயில்லப்பா. கேக் நல்லா இருந்துச்சு."

அந்த ஊரில் ஒருவர் இதைவிட உரக்க அழுவதில்லை. நார்மனுக்கு அது தெரியும். முறை தப்புவதற்காக ஆண்டவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குனிந்தார்.

"அம்மா, நான் ஆரம்பிக்கட்டுமா?"

"எழுபது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

கைப்பிடி சுழன்றது. பெட்டி முதலில் இருமியது. பிறகு ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டு பொங்கி வந்தது. ஐவியின் கால் செருப்பை உதறிவிட்டுத் தாளம் போட்டது. வேன்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து, நாற்காலியைப் பிடித்து மெல்லச் சுற்றினார். டெஸ்மண்ட் வேறென்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

கௌரவம் அனுமதித்த வேகத்தில் தலைவர் வந்து சேர்ந்தார்.

"நார்மன், பக்கத்துல இருக்கறவங்களக் கேக்காம ஆரம்பிச்சுட்டீங்களே."

"கேட்டேனே. இவங்கதான் பக்கத்துல இருந்தாங்க."

நாற்காலி சுழன்று தலைவருக்கு நேரே வந்து நின்றது.

"குண்டு விழுந்தப்போகூட விளக்கைத்தான் தம்பி அணைக்கச் சொன்னாங்க," என்றார் ஐவி. "பாட்டை யாரும் அணைக்கச் சொல்லல."

நாற்காலி மறுபடி சுழன்றது. பாட்டு முடியும்வரை வேன் கிளம்பவில்லை.

மாலையில் தலைவர் நிறைவுரை ஆற்றினார். விழா மாபெரும் வெற்றி என்றார். கேக் முழுவதும் தீர்ந்துவிட்டது, ஒழுங்கு இறுதிவரை காக்கப்பட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பொறுப்புள்ள தலைவர் என்ற முறையில் ஒன்றை மறைக்க விரும்பவில்லை என்றார். நான்கு மணியளவில், வருந்தத்தக்க வகையில், இசை விழாவில் இசை நிகழ்ந்துவிட்டதாகவும், அடுத்த ஆண்டு அப்படி நேராமல் குழு பார்த்துக்கொள்ளும் என்றும் உறுதியளித்தார்.