மடை திறக்க நூறு தலை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அந்த வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கோடையில் அந்தக் காட்டின் குளம் வற்றிப்போனது. மேலே அணையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஆனால் மடையைத் திறக்க ஒரு சட்டம் உண்டு: நூறு தலைக்குக் குறையாமல் நேரில் வந்து கேட்க வேண்டும். மரகதம் என்கிற புள்ளிமானின் குட்டி தண்ணீரில்லாமல் சேற்றை நக்கிக்கொண்டு கிடந்தது. தாய் சும்மா இருக்கவில்லை. புதர் புதராக ஏறி இறங்கி, முயல், பன்றி, கீரி என்று காட்டையே திரட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்தாள்.

தலை எண்ணும் அதிகாரி மரங்கொத்தி. காலையிலிருந்து டொக்டொக்கென்று மூச்சுவிடாமல் மனுக்களில் அலகால் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

"நாப்பது தேறும். நடையைக் கட்டுங்க."

"ஐயா, பன்னிங்க மட்டுமே நாப்பது இருக்குமே! நல்லாப் பாருங்க."

"எண்ணுறது உன் வேலையா, என் வேலையா?"

மறுநாள் மரங்கொத்தி விடுப்பு. அவர் இடத்தில் தேவாங்கு உட்கார்ந்திருந்தது. கையை மேலே தூக்கவே அதற்குக் கால்மணி நேரம் ஆனது. மதியத்துக்குள் ஒரே ஒரு முத்திரை குத்திவிட்டு, மெல்லத் தலையைத் திருப்பியது.

"அடேயப்பா! ஐந்நூறுக்குக் குறையாது!"

அதே கூட்டம்தான். ஒரு எலிகூடக் கூடவில்லை, குறையவில்லை. இரண்டு கணக்கும் ஒத்துவராததால் மறுபடி எண்ண வேண்டும் என்று அலுவலகம் கையை விரித்தது.

மரகதம் யோசித்தாள். எண்ணுகிறவர் வேலையில் பறந்தால் கூட்டம் சுருங்குகிறது, ஊர்ந்தால் பெருகுகிறது. அப்படியானால் அசையவே அசையாதவர் கண்ணுக்கு நாம் கடலாகத் தெரிவோமே! அந்தக் காட்டில் அப்படி ஒருவர்தான் இருந்தார். பட்டம் கட்டியதிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. பிடரிக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிலந்தி வலைகூடக் கட்டியிருந்தது.

"மகாராஜாதான் எண்ணணும்!" என்று மரகதம் ஒற்றைக் காலில் நின்றாள்.

யானைகள் சிங்கத்தை நாற்காலியோடு தூக்கிவந்து மாடத்தில் வைத்தன. கீழே மொத்தக் காடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. குட்டி நிற்க முடியாமல் மரகதத்தின் மேல் சாய்ந்துகொண்டது. சிங்கம் வாலைக்கூட ஆட்டாமல் நெடுநேரம் பார்த்தது.

"எங்கே? ஒருத்தரையும் காணோமே?"

"இதோ நிக்கிறோமே சாமி!" மரகதம் தொண்டை கிழியக் கத்தினாள்.

"என்னமோ சத்தம் வருது. காத்தா இருக்கும்" என்றது சிங்கம். "ஆளே இல்லாத காட்டுக்குத் தண்ணி எதுக்கு? மடைக்கு இன்னொரு பூட்டு போடச் சொல்லு."

நீதி: வேகமாக வேலை செய்கிறவருக்குக் கூட்டம் சின்னதாகத் தெரியும், மெதுவாகச் செய்கிறவருக்குப் பெரிதாகத் தெரியும், நாற்காலியை விட்டு அசையாதவருக்குக் கூட்டமே தெரியாது.