ஓட்டுக் கேட்டவன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான்

திருப்பூர்,
மே 2009

மூலனூர் மச்சான் நல்லான் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய ஆத்தப்பன் இரு கை கூப்பி எழுதுவது. ஒரு மாதமாகக் கூப்பிக் கூப்பிப் பழகிவிட்டதால் இந்தக் கைகள் இப்போது தாமாகவே கூப்பிக்கொள்கின்றன. நேற்று பால்காரனைக் கும்பிட்டேன். அவன் பயந்து ஓடிவிட்டான். அங்கே தாங்களும் அக்காவும் குழந்தைகளும் முருங்கை வியாபாரமும் நலமா? இங்கே நான் நலம் இல்லை. அனுசுயா உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. ஏன் வந்தாள் என்று அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பாராளுமன்றத்துக்குப் போக ஆசைப்பட்டவனே இல்லை மச்சான். பனியன் கம்பெனியை மருமகன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவன். எங்கள் நகரில் வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது, ஆனால் எந்த வேட்பாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. இது எங்கள் ஆட்களுக்குப் பெரிய மனக்குறை. நகர் நலச் சங்கத் தலைவர் சந்தனம் முந்திரிப் பருப்பும் காபியும் வைத்துக் கூட்டம் போட்டு, "நம்மளை யாரும் வந்து கேக்கறதில்லீங்க, நாமளே ஒருத்தரை நிறுத்துவோமுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது வாயில் முந்திரியுடன் இருந்ததால் மறுக்க முடியவில்லை. சுயேச்சையாக நின்றேன். பலூன் சின்னம் கொடுத்தார்கள்.

சரி, முதலில் நம் தெருவிலேயே கேட்போம் என்று போனால் ஒரு கேட்டும் திறக்கவில்லை. காலிங் பெல்லை அழுத்தினால் வாட்ச்மேன் வருகிறான், "சாப் நஹி ஹை" என்கிறான், ஐயா இல்லையாம். எந்த வீட்டிலும் சாப் இல்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் கேட்கிறது. நான் மனம் விட்டுப் பேசியதெல்லாம் பீகார்க்கார வாட்ச்மேன்களிடம்தான். அவர்கள் அத்தனை பேரும் நான் ஜெயிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார்கள். ஒருவனுக்கும் இங்கே ஓட்டு இல்லை.

அடுத்து, பனியன்காரனுக்குப் பனியனை விட்டால் என்ன விளம்பரம் என்று நெஞ்சில் பெரிய பலூன் அச்சடித்து, ஏற்றுமதித் துணியில் தைத்து ஊரெல்லாம் கொடுத்தேன். ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் எதிர்க் கட்சி ஊர்வலத்தில் பாதிப் பேர் நெஞ்சிலும் என் பலூன்! முன்னால் கொடி பிடித்து வந்தவன் நம் கம்பெனி கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து. "அடேய், என் சின்னத்தைப் போட்டுக்கிட்டு அவனுக்கா கோஷம் போடறே?" என்று கத்தினேன். அவன் சாவகாசமாக, "மொதலாளி, நெஞ்சுல இருக்கத எவன் படிக்கான்? போன வாரம் ஜெர்மன் பேங்கு பேரு போட்ட பனியன போட்டிருந்தேன். எனக்கு அங்க கணக்கா இருக்கு? துணி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கோஷம் போட்டான். நான் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

தேர்தலுக்கு முதல் நாள் சந்தனம் சாவிக் கொத்துடன் வந்தார். "லீவு சேர்ந்தாப்புல வருதுங்க, ஊட்டிக்குப் போயிட்டு வந்தர்றோமுங்க. நம்ம டைகருக்கு மட்டும் ரெண்டு நேரம் சோறு வெச்சிருங்க" என்றார். ஓட்டுக் கேட்கிறவன் எதைத்தான் மறுப்பான்? அவர் பின்னாலேயே ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் நாய்களுக்கும் சோறு வைக்கச் சொல்லிச் சாவியோடு வந்தார்கள். வீட்டுச் சாவியையே நம்பிக் கொடுப்பவர்கள் ஓட்டைக் கொடுக்க மாட்டார்களா என்று எனக்குப் பூரிப்பு. "அவிங்க ஊட்டியில இருந்தா ஓட்டு எப்படீங்க இங்க வரும்?" என்றாள் அனுசுயா. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று அவளை அடக்கினேன்.

வேட்பாளர் என்பதால் அன்று முழுக்க நான் சாவடிப் பக்கம் நின்றேன். நாய்களுக்குச் சோறு வைக்க அனுசுயா போனாள். அந்த டைகர் யாரையும் உள்ளே விடுமாம், வெளியேதான் விடாதாம். இதைச் சந்தனம் சொல்லவில்லை. சோறு வைத்துவிட்டு அப்படியே ஓட்டுப் போடப் போகலாம் என்று மத்தியானம் உள்ளே போனவளை அது வாக்குப்பதிவு முடியும்வரை போர்டிகோவிலேயே நிறுத்தி வைத்துவிட்டது. ஓட்டு எண்ணியபோது எங்கள் சாவடியில் எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அது நான் போட்டது. கட்டின பெண்டாட்டிகூடப் போடவில்லை என்பது பல்லடம்வரை தெரிந்துவிட்டது. ஊட்டியிலிருந்து திரும்பிய பெண்கள் துக்கம் விசாரிப்பதுபோல வரிசையாக வந்து, "நீங்ககூடவாக்கா போடலை?" என்றார்கள். அவள் நாய் கதையைச் சொன்னாள். "எங்க டைகர் அப்படியெல்லாம் பண்ணாதுங்க" என்றாள் சந்தனத்தின் மனைவி. அன்று சாயங்காலமே அனுசுயா பெட்டியை எடுத்துவிட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை மச்சான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. மூன்று வேளையும் ரவை உப்புமா, அதுவும் அடிப்பிடித்தது. அவள் இல்லாமல் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. இனி என் ஆயுளுக்கும் அரசியல் என்ற சொல்லே இந்த வீட்டில் கேட்காது என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறேன். தயவு பண்ணி அவளைச் சமாதானம் சொல்லி அனுப்பி வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள். முருங்கைக்கு நல்ல விலை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓட்டாலும் வீட்டாலும் கைவிடப்பட்ட
ஆத்தப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சந்தனம் வந்தார். எங்கள் வார்டுக்கு இடைத்தேர்தலாம், பெண்களுக்கான இடமாம். "கட்டின புருசனுக்கே ஓட்டுப் போடாத நேர்மையான பொம்பளைன்னு ஊரே பேசுதுங்க. அனுசுயாக்கா நின்னா ஜெயிப்பு நிச்சயமுங்க" என்று என் முன்னாலேயே அவளுக்குப் போன் போட்டார். அவள் உடனே சரி என்றுவிட்டாள். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். ஒரே ஒரு நிபந்தனை, தேர்தல் முடியும்வரை நான் இந்த ஊரில் இருக்கக் கூடாதாம். எனவே அதே பஸ் திரும்பும்போது நான் ஏறி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்; இந்தக் கடிதத்தை இன்று ராத்திரி பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன், மாடி அறையைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். போனை வாங்கி, ஓட்டுப் போட மட்டுமாவது வந்துவிட்டுப் போகட்டுமா என்று அவளைக் கேட்டேன். "வேண்டாமுங்க. நீங்க போட்டீங்கன்னா, அவரு பொண்டாட்டிக்குப் போட்டாரு, இவ புருசனுக்குப் போடலைன்னு மறுக்காவும் பேசுவாங்க" என்றாள்.