தெற்குவாசல் பந்தலக்கா

மதுரைத் தெற்குவாசலில் பந்தலக்காவுக்குத் தெரியாமல் ஒருவரும் காது குத்த முடியாது, கல்யாணம் முடிக்க முடியாது, ஏன், செத்துப்போகவும் முடியாது. சாமியானா, பிளாஸ்டிக் சேர், கடைசியாக ஐஸ் பெட்டி, எல்லாமே அவரிடம்தான் வாடகைக்கு.

நாங்கள் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் மனிதர் இருக்க இடமில்லை. கூடத்தில் கூரை முட்டச் சேர், அடுப்படியில் சேர், குளியலறைக் கதவைத் திறந்தால் சேர். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குச் சந்து. அதில் பாய் விரித்து அக்கா தனியாகப் படுத்துக்கொள்வார். அவருடைய ஆட்கள் எல்லாரும் பெண்கள். புருஷன் போனவர்கள், புருஷன் விட்டுப் போனவர்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு மூங்கிலில் சரசரவென்று ஏறுவார்கள். ஒரு முறை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார், "பொம்பளைக கட்டுன பந்தல் நிக்குமா?"

"நிக்காட்டி உங்க தலையிலதான் விழும். செத்தத் தள்ளி நில்லுங்க" என்றார் அக்கா.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போய்விடுவார். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர், நோயாளி வீட்டு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காய்ச்சலில் கிடந்தார். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் போர்வையை உதறி எழுந்து, அடிபம்பில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அய்யா, நான் சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

"பாத்தாச்சுல்ல? நல்லாத்தான இருக்கேன்? போயிட்டு வாம்மா! இல்ல, வர வேணாம், போ!"

அக்கா ஆரஞ்சைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். அன்று எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

கல்யாணத்திலும் இதே கதைதான். ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் முறையாகப் பத்திரிகை வைத்து அழைத்திருந்தார்கள். அக்கா அரக்குப் பட்டு உடுத்தி, கனகாம்பரம் வைத்து, கையில் அன்பளிப்புப் பெட்டியோடு போய் இறங்கினார். பெண்ணின் அப்பா பதறிப்போனார்.

"என்னக்கா, சேர் பத்தலைன்னு நாங்க சொல்லலையே?"

"இல்லண்ணே, பத்திரிகை வச்சிருந்தீக..."

"அட ஆமா! நல்லதாப் போச்சு. பந்தியில ரெண்டு சேர் ஆடுது, ஒரு எட்டுப் பாத்துருங்க."

அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்திக்குப் போனார். சாப்பிட அல்ல.

நான் ஒரு நாள் கேட்டேன், "ஏன்க்கா, நீங்க கல்யாணமே கட்டிக்கலையா?"

"எங்கிட்டுத் தம்பி? முகூர்த்த நாளெல்லாம் எனக்கு வேலை இருந்துச்சு."

எங்கள் தெரு டீக்கடை ஓரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். சொந்த ஊர் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. வண்டியை வரவழைத்துச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று தெரு முடிவு செய்தபோது, அக்காவின் டெம்போ வந்து நின்றது. பணக்கார வீட்டுச் சாவுக்குப் போடுகிற பெரிய சாமியானா இறங்கியது. வரிசை வரிசையாகச் சேர் விரித்தார்கள். முன்வரிசையில் அக்கா மட்டும் உட்கார்ந்தார். மற்றதெல்லாம் காலி.

கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து டீக்கடைக்கு வந்தார்.

"வந்து உக்காருங்கப்பா."

"சொந்தமில்லாத ஆளுக்கு நாங்க எப்படிக்கா அழுகிறது?"

"அழுக வேணாம். மழைக்கு ஒதுங்குனா உக்காருவேல்ல, அப்படி நெனச்சு உக்காரு."

டீ கிளாசோடு நாங்கள் போய் உட்கார்ந்தோம். ரொட்டிக்கடை பாய், "ஜும்மா முடியட்டும்க்கா, ஆளுகளைக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிப் போனவர், சொன்னபடியே பெருங்கூட்டத்தோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. அந்த வழியாகப் போன கட்சிக்காரர் ஒருவர் காரை நிறுத்தி, "பெரிய ஆளா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அக்கா.

கட்சிக்காரர் மாலை போட்டு, "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று பேசிவிட்டே போனார். பெரியவர் கைபட்ட செருப்பு அப்போது அந்தப் பந்தலில் பாதிப் பேர் காலில் இருந்தது. அதனால் கட்சிக்காரர் சொன்னதில் பொய்யும் இல்லை.

எல்லாம் முடிந்து சேர் அடுக்கும்போதுதான், ஏன் இந்த மெனக்கெடல் என்று கேட்டேன். அக்கா அடுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்.

"பேரையூர்ப் பக்கம் எங்க ஊரு. எங்கய்யா செத்த அன்னைக்கே ஊர்ப் பெரிய வீட்லயும் ஒரு சாவு. ஊரே அங்குட்டுப் போயிருச்சு. கொட்டுக்காரரும் அங்கதான். பங்குனி வெயிலு. எங்கம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சாக்கைப் பிடிச்சு அய்யா மூஞ்சிக்கு நெழல் காட்டுறோம். பசியில எனக்குக் கை நடுங்கிச் சாக்கு ஆடுது. 'அய்யாவுக்கு விசிறுறியா தாயி'ன்னு எங்கம்மா கேட்டுச்சு."

பிறகு தாயும் மகளும் மதுரைக்கு வந்து, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்திருக்கிறார்கள். கால் உடைந்ததென்று மண்டபத்தில் வீசிய சேர்களைக் கேட்டு வாங்கி, கம்பியைச் சூடாக்கி ஒட்டி வாடகைக்கு விட்டதுதான் ஆரம்பம். இன்றுவரை ஏழை வீட்டுச் சாவுக்கு அக்கா வாடகை வாங்கியதில்லை.

ஒரு தை மாதம் மூங்கிலிலிருந்து வழுக்கி விழுந்து அக்காவுக்குக் கால் முறிந்தது. அவருடைய பெண்கள் காலையில் சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க அக்காவுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. முகூர்த்த மாதம். தெருவுக்கு அவர் சேர் தேவைப்பட்டது, வந்து எடுத்துப் போனார்கள். நானும் என் மனைவியும் பருப்புருண்டைக் குழம்போடு கீழே இறங்கினோம். எங்களைப் பார்த்ததும் அக்கா தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி? எப்பத் தேதி? எம்புட்டுச் சேர் வேணும்?"

"தேதியெல்லாம் இல்லக்கா. சும்மா வந்தோம்."

"சும்மாவா?"

"ஆமாக்கா."

அவருக்குப் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழம்பில் உப்புக் குறைவு என்று என் மனைவியை ஒரு பிடி பிடித்தார். திட்டிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரம்" என்றார்.

இப்போது நாங்கள் திருநகர் பக்கம் வீடு மாறிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவிக்கு அக்காவிடமிருந்து போன் வரும்: "தங்கச்சி, இன்னைக்கு உங்களுக்கு ஏதும் சோலி இருக்கா? இல்லையா? அப்ப வாங்க." இரண்டு பேரும் பஸ் ஏறிவிடுவோம்.

போன ஞாயிறு அவர் கொட்டாம்பட்டிக்குப் பந்தல் போடப் போய்விட்டார். சாயங்காலம் என் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நானும் சட்டை போட்டிருந்தேன். எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.