ஒண்ணாம் அடுக்கில் வைத்த கல்லூரி

பொறியியல் கலந்தாய்வில் முதல் விருப்பமே கிடைத்துவிட்டது என்பதற்காகக் குமுறிக் குமுறி அழுத ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்கிறவர்கள் இதைத் திமிர் என்பார்கள். திமிர்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற திமிர் இல்லை. இது எங்கள் வீட்டுத் தொழிலில் விளைந்த தனி ரகம்.

எங்கள் வீடு சிவகாசிக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் போடுகிறவர்கள். பட்டாசு செய்வதில்லை, பல கம்பெனிகளில் சரக்கு வாங்கி, பெட்டியில் அடுக்கி, சென்னைக்கும் பெங்களூருக்கும் லோடு ஏற்றுவார்கள். (தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறவர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பார்களே, அந்தப் பெட்டிதான்.) சரக்கு வைத்திருக்கிற ஷெட்டுக்குள் என்னை விடமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் மாதிரிப் பெட்டி, காலி அட்டைகளை வைத்து, எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தயாராகும். அதை அடுக்குவது நான்.

பெட்டி அடுக்குவதில் ஒரு முறை உண்டு. கனமானதும் சாதாரணமானதும் அடியில் போக வேண்டும். கம்பி மத்தாப்பு, பிஜிலி வெடி எல்லாம் ஒண்ணாம் அடுக்கு. அதன்மேல் தரைச்சக்கரம், பூச்சட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறந்ததும் பளிச்சென்று தெரிகிற மாதிரி, வானத்தில் போய் விரிகிற பெரிய ஃபேன்சி அயிட்டம். கடைசியாக வைப்பதுதான் முதலில் கண்ணில் படும். இந்த ஒரு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தது. கட்-ஆஃப் பார்த்த பள்ளிக்கூட சார், சென்னையிலேயே நல்ல கல்லூரி கிடைக்கும் என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? சென்னை, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டல். இந்த மூன்றில் ஹாஸ்டல்தான் முக்கியம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் நான் கதவைத் திறந்து வெளியே வந்தாலே நான்கு வீட்டில் இருந்து "எங்கன கெளம்பிட்ட?" என்று கேட்பார்கள். யாரும் கேட்காத ஒரு ஊரில் ஒரு நாளாவது இறங்கி நடக்க வேண்டும் என்பதுதான் என் உயர்கல்விக் கொள்கை.

அப்பா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வீட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. முக்கு ரோட்டில் அதன் பஸ் நிற்கும். காலையில் ஏறினால் சாயங்காலம் காப்பிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

"அடி கெட்டியா இருந்தாத்தான் பாப்பா மேல என்ன வச்சாலும் தாங்கும்" என்றார்.

நியாயமாகப் பட்டது. அந்தக் கல்லூரியின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல கல்லூரி. அதன் ஒரே குறை, அங்கே படித்தால் நான் இரவில் என் வீட்டில்தான் தூங்க வேண்டும் என்பது. அடியில் கிடக்கட்டும், நமக்கென்ன என்று ஒப்புக்கொண்டேன்.

விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது என்று பள்ளியில் ஒரு நாள் வகுப்பே வைத்தார்கள். நான் போகவில்லை. இதற்கெல்லாம் வகுப்பா என்ற நினைப்பு. செல்போனில் சில வீடியோக்கள் பார்த்தேன். எந்தக் கல்லூரியில் கேன்டீன் நன்றாக இருக்கும், எந்த ஹாஸ்டலில் எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள் என்பது வரை அதில் விவரமாகச் சொன்னார்கள். அது போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பட்டியல் நிரப்பும் நாளில் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் அப்பாவும் பெரியப்பாவும். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்கள் வந்தன. உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஒன்று என்றால் என்ன? ஒண்ணாம் அடுக்கு. ஒண்ணாம் அடுக்கில் எது போகும்? கனமானது, சாதாரணமானது, பெட்டியைத் தாங்குகிறது. வீட்டுப் பக்கத்துக் கல்லூரியை ஒன்றில் போட்டேன். அதற்கடுத்து மதுரை. அதற்கடுத்து திருச்சி, கோயம்புத்தூர். எல்லாம் முடிந்தபின் கடைசிக் கட்டத்தில், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, சென்னையை வைத்தேன்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை வாசித்துப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, எம்புட்டு அம்சமா அடுக்கியிருக்கா பாரு என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பெட்டி போடுகிற இரண்டு பேர் ஒரு குறையும் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. (இப்போது யோசித்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பெட்டி அடுக்கத் தெரிந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.)

வீட்டில் இந்தத் தொழில் தெரியாத ஆள் அம்மா ஒருத்திதான். காரியாபட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அட்டைத் தூசி பட்டாலே தும்முவாள் என்பதால் மாதிரிப் பெட்டி பக்கமே வரமாட்டாள். அன்றைக்குக் காப்பி கொண்டுவந்தவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஒண்ணுன்னு போட்டிருக்கிறதத்தான அவுக மொதல்ல பாப்பாக?" என்று கேட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "அம்மா, ஒனக்கு பேக்கிங்கப் பத்தி ஒண்ணுந் தெரியாது" என்றேன். அவள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போனுக்கு வந்த எண்ணைப் போட்டுப் பட்டியலைப் பூட்டினேன். பூட்டியபின் மாற்ற முடியாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எதற்கு மாற்ற வேண்டும் என்று நானே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஒதுக்கீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. வீட்டுப் பக்கத்துக் கல்லூரி. முதலில் நான் பதறவில்லை. கம்ப்யூட்டர் இப்போதுதான் ஒண்ணாம் அடுக்கை வைத்திருக்கிறது, இனி ஒவ்வொன்றாக மேலே ஏற்றும் என்று நினைத்தேன். மேலே ஏறுவதற்கு என்ன பொத்தான் என்று தேடினேன். கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே அதைவிட மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கலாம் என்று எல்லோருக்கும் ஒரு வசதி உண்டு. எனக்கு அந்த வசதியே வரவில்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய அக்கா என் விவரத்தைப் பார்த்துவிட்டு மிகவும் அன்பாக, "உங்களுக்கு ஃபர்ஸ்ட் சாய்ஸே கிடைச்சிருச்சும்மா, அதுக்கு மேல எதுவும் இல்லையே. வாழ்த்துகள்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிய இடம் அந்த வாழ்த்துகள்தான். போனை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தேன். அழுகைச் சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து என்னவென்று கேட்க, நான் விக்கிக்கொண்டே முதல் சாய்ஸ் கிடைத்துவிட்டது என்று சொல்ல, அவர் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து என் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டுப் போனார்.

வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆனால் நான் கேட்ட சென்னை இடம் அதுவரை எனக்காகக் காத்திருக்காது. அப்பாவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. தன் தொழிலே தன் மகளைக் கவிழ்த்துவிட்டதே என்று உண்மையாகவே நொந்துபோனார். பெரியப்பாதான் தைரியம் சொன்னார். மறுநாள் திங்கட்கிழமை, சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள், எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார். ரோடு, தண்ணீர், லைசென்ஸ் என்று எதற்கும் அங்கேதான் போய்ப் பழக்கம். கல்லூரி மட்டும் என்ன தனி என்பது அவர் கட்சி.

போனோம். மனுக்காரர்கள் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா பட்டா மாறுதலுக்காகப் பல தடவை நடந்து அலுத்தவர். நீ எதுக்கும்மா வந்திருக்க என்று கேட்டார். மொத சாய்ஸே கிடைத்துவிட்டது என்று அப்பா சொன்னார். அந்த அம்மா தனக்கு முன்னால் நின்றவரிடம் சொல்ல, அவர் அவருக்கு முன்னால் சொல்ல, கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துக் கெட்டிக்காரப் புள்ள என்று புன்னகைத்தது. கவலையோடு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஒரு நல்ல செய்தி கேட்ட திருப்தி.

மேசையில் இருந்த அதிகாரி பொறுமையானவர். என்ன கோரிக்கை என்று கேட்டார்.

"பாப்பாவுக்கு மொத சாய்ஸே கிடைச்சிருச்சுங்க சார்" என்றார் அப்பா.

"ரொம்ப சந்தோஷம்."

"அதத்தான் சார் மாத்தித் தரணும்."

அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார். பெரியப்பா குறுக்கே புகுந்து, கையாலேயே காற்றில் ஒரு பெட்டியை வைத்து, ஒண்ணாம் அடுக்கிலிருந்து கடைசி அடுக்கு வரை அடுக்கிக் காட்டினார். அதிகாரி கடைசி வரை கேட்டார். நடுவில் ஒரு தடவை மட்டும் தண்ணீர் குடிப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இது தங்கள் கையில் இல்லை என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு, "தீபாவளிக்கு உங்ககிட்ட பாக்ஸ் கிடைக்குமா?" என்று விசாரித்தார். பெரியப்பா விசிட்டிங் கார்டு கொடுத்தார். எங்கள் மனுவின் மொத்தப் பலன் அந்த ஒரு ஆர்டர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் பாய்ந்தேன். தெரிந்தே சும்மா இருந்தாயா, ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஒருதரம் கேட்டேன். சிரிச்சீக. ரெண்டாந்தரம் கேக்கணும்னுதான் நெனச்சேன். நீ இங்கனயே இருந்தா எனக்கு என்ன கசக்கவா போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

கோபமாகவும் இருந்தது, அவள் அப்படிச் சொன்னது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பிடித்திருந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. அன்று ராத்திரி சாப்பிடமாட்டேன் என்று அறிவித்தேன். அவள் தோசை வார்க்கிற வாசனை வரும்வரை அந்த முடிவில் உறுதியாக இருந்தேன்.

நான்கு வருடமும் முக்கு ரோட்டில் பஸ் ஏறினேன். சாயங்காலம் காப்பிக்கு வந்தேன். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பெட்டியெல்லாம் கட்டி வைத்தபின், வீட்டிலிருந்தே வேலை செய்தால் போதும் என்று அவர்கள் மெயில் அனுப்பினார்கள். சென்னையை இன்னமும் லேப்டாப்பில்தான் பார்க்கிறேன்.

அப்பாவோ என் கதையின் பாதியை மட்டும் ஊரில் பரப்பிவிட்டார். எங்க பாப்பாவுக்கு மொத சாய்ஸே கிடைச்சது என்பார். பொய் இல்லை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் முழுக்கதையும் தெரியும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், இவளுக்கு மொதல்ல மோர் ஊத்துங்க, சாம்பார் கடைசில போதும் என்று இன்றைக்கும் யாராவது ஒருவர் பரிமாறுகிறவரிடம் சொல்வார். இதற்கிடையே, அப்பா பரப்பிய பாதிக்கதையை நம்பி, கலந்தாய்வு சமயத்தில் பட்டியல் நிரப்ப என்னிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த இரண்டு பேரும் பையன்கள். அவரவர் கேட்டது கிடைத்து, ஒருவன் சேலத்துக்கும் ஒருவன் சென்னைக்கும் போனார்கள். யாரும் எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

மூன்றாவதாக விருதுநகர் அத்தை, அப்பாவின் தங்கை, தன் மகள் அபிநயாவைக் கூட்டிவந்தாள். புரோட்டாப் பார்சலை என் கையில் கொடுத்து, எல்லாம் உன் இஷ்டப்படி போட்டுவிடு என்று சொல்லிவிட்டு அம்மாவோடு பேச உள்ளே போனாள். அபிநயாவுக்கு கோயம்புத்தூர் வேண்டும். ஹாஸ்டலைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை எனக்குத் தெரியாதா? கோயம்புத்தூரை ஒன்றில் போட்டேன். பக்கத்துக் கல்லூரியைக் கடைசியில் போட்டேன். மூன்று தடவை சரிபார்த்துப் பூட்டினேன்.

ஒதுக்கீடு வந்த அன்று அத்தை போன் செய்தாள். புகார் சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தாள். கோயம்புத்தூரே கிடைத்துவிட்டதாம்.

"நல்லதுதான அத்தை, அவ கேட்டதுதான?" என்றேன்.

"அவ கேப்பாடி. உன்னைய நம்பித்தான நான் கூட்டியாந்தேன்."

"நான் என்ன பண்ணேன்?"

"உனக்குப் பண்ணிக்கிட்டாப்புல அவளுக்கும் பண்ணிவிட்டுருவன்னு நெனச்சேன். ஊருல இத்தன பேரு இருக்கும்போது உன்கிட்ட எதுக்குக் கூட்டியாறேன்? இப்படி நேரா அடுக்கி வச்சிட்டியேடி."

சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்முன் எதிர்முனையில் அத்தை உண்மையாகவே அழுவது கேட்டது. வாரம் ஒரு தடவை அவளை வீட்டுக்கு வரச் சொல்கிறேன் என்று அபிநயாவின் சார்பில் நானே ஒரு வாக்குறுதி கொடுத்து, போனை வைத்தேன். அது நிறைவேறவில்லை என்பது வேறு விஷயம். அவளுக்கு அங்கே நேரமே இல்லையாம்.

அத்தை சும்மா இருக்கவில்லை. அவகிட்ட விட்டா புள்ளைய வெளியூருக்கு அனுப்பிவிட்டுருவா என்று விருதுநகரில் இருந்து தாயில்பட்டி வரை சொந்தத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். இந்த வருடம் எந்தப் பெற்றோரும் தங்கள் மகளை என்னிடம் கூட்டிக்கொண்டு வரவில்லை. பெண்கள் அவர்களாகவே வந்தார்கள்.