போணி பண்ணுகிறவர் குறை சொல்லக் கூடாது

சா டெக்,
தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தைய வாரம்

அன்புத் தங்கை லியூவுக்கு,

அக்கா லுவா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பேத்தி குயெனும் சுகம். அம்மா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, உன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், உன் முழங்கால் வலி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் ஆகாதா என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டதே இல்லை. காகிதம் குறுக்கே பேசாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

முதல் விஷயம், குயெனுக்கு விமானச் சீட்டு எடுத்துவிடாதே. பண்டிகை முடிந்ததும் பான் மீ ரொட்டிக் கடையை மூடிவிட்டு மெல்பர்ன் வந்து உன் நகப்பூச்சுக் கடையில் வேலை செய்கிறேன் என்று உன்னிடம் சொன்னாளாமே. அவள் சொல்லவில்லை, அவளை அழவைத்த ஒரு ஆள் சொல்ல வைத்தான். இப்போதெல்லாம் தின்றவர்கள் வாயைத் துடைத்ததும் போனில் நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதுகிறார்கள் அல்லவா? அதில் சேவல் படம் வைத்துக்கொண்ட ஒரு ஆள், வாரம் தவறாமல் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "இது அசல் பான் மீ இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தான். என் பேத்தி ஈரல் விழுது அரைக்கிற அழகுக்கு இந்தத் தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவளைப் போய்! ஒரு நாள் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பாட்டி, எனக்குக் கை வரல. விட்டுடறேன்" என்றாள்.

கடை ராசியில் குறை இருக்க முடியாது. அதை நான்தான் கவனிக்கிறேன். படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சின் உனக்கு நினைவிருக்கும், எப்போதும் சிரித்த முகம். அவர் கைராசி ஊரறிந்தது. அதனால் தினமும் அவர்தான் நம் கடையில் முதல் போணி. நான் கட்டிப்போட்ட ஏற்பாடு. வருவார், ஒன்று வாங்குவார், "அருமை அக்கா, அருமை!" என்று சிரித்துவிட்டு சைக்கிளில் போய்விடுவார். போன மாதம் அவருக்கு முன்னால் ஒரு பெண் வந்து, ரொட்டியை அமுக்கிப் பார்த்து, விழுதை மோந்து பார்த்து, ஒன்றும் வாங்காமல் நடையைக் கட்டினாள். நான் சும்மா இருப்பேனா? தோஷம் கழியப் பழைய பேப்பரைக் கொளுத்திக் கடை வண்டியைச் சுற்றிக் காட்டினேன். தோஷம் போனதோ இல்லையோ, புதுப் பந்தல் துணி ஓரத்தில் பற்றிக்கொண்டது. குயென் முள்ளங்கி ஊறவைத்த தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றினாள், பாதி என் தலையில். அன்று சாயங்காலம் போனில் ஒருவர் "புகை நாற்றம், வாயில் வைக்க முடியவில்லை" என்று எழுதினார். இன்னொருவர் "கரியில் வாட்டும் பழைய முறை, இதுதான் அசல்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டார். வேறொருவர், கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி நாம் விழுங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தார். யாரந்தக் கிழவி என்று குயெனைக் கேட்டேன். அவள் என் ஸ்டூலைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு ஆசை பிறந்தது, இந்த அசல் என்பது என்னதான் என்று பார்த்துவிடுவோமே என்று. எப்படியும் பார்க்கிறேன், கேட்டுவிட்டே பார்க்கலாம் என்று மென்றுகொண்டிருந்தவர்களிடமே கேட்டேன். ஹனோயிலிருந்து வந்த வாத்தியார், "எங்க ஊர்ல ரொட்டி, ஈரல் விழுது, அவ்வளவுதாம்மா. இந்தத் தழையெல்லாம் வச்சா அது பான் மீயா, தோட்டமா?" என்றார். பக்கத்திலிருந்த சைகோன் லாரிக்காரர் விடவில்லை. "வாத்தியாரே, உங்க ஊர்ல வறுமை, அதுக்கு அசல்னு பேரா? ரெண்டு கையால பிடிச்சாலும் பிதுங்கணும், அதான் பான் மீ!" பெர்லினிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், அவள் வீட்டுப் பேருந்து நிறுத்தத்தில் விற்பதுதான் அசல் என்று கையால் ஜாடை காட்டிச் சொன்னாள். மூன்று பேரும் கடைசித் துணுக்குவரை தின்றுவிட்டுத்தான் போனார்கள், அதையும் கவனித்தேன். என்னைக் கேட்டால் ஒன்றுதான். கடிக்கிற சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்க வேண்டும். சத்தம் போடாத ரொட்டி ரொட்டியே இல்லை, அது தலையணை.

முந்தாநாள் சின் தொப்பியை விட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுத்துவிடலாம் என்று ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே அவர் படித்துறையில் உட்கார்ந்து, ரொட்டியின் மேலோட்டைப் பிய்த்துப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த மெத்தென்ற பாகத்தை மட்டும் ஈறால் மசித்துத் தின்றார். தாடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். சேவல் படம்!

"அடப்பாவி சின்! நீயா அது?"

மனுஷன் போனை ஆற்றில் தவறவிடப் பார்த்தார். "அக்கா, மேலோடு வாயைக் கிழிக்குது. பல்லெல்லாம் போயி வருஷமாச்சே!"

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன? தினம் அருமை அருமைன்னு இளிச்சியே!"

"போணி பண்றவன் வாயால குறை வரலாமா? அன்னிக்குக் கடை படுத்துடாது? நல்ல எண்ணத்துலதான் அக்கா போன்ல எழுதினேன்."

"சரி, அசல் இல்லைன்னு ஏன் எழுதினே?"

"எங்க கல்யாணத்தப்ப தின்ன பான் மீ இப்படியா குத்துச்சு? பஞ்சு மாதிரி இருந்துச்சு!"

"அப்ப உனக்குப் பல்லு இருந்துச்சுடா!"

நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

குயெனிடம் வந்து சொன்னேன். முதலில் முறைத்தாள், பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுகையும் அதிலேயே வந்தது. "பாட்டி, அப்ப என் கை தப்பில்லையா?" என்றாள். மறுபடி கத்தியை எடுத்தாள். இனி சின்னுக்கு மட்டும் மேலோட்டைச் சீவிவிட்டு மெத்தென்று ஒன்று. கைராசிக்காரரை விடவும் முடியாது. ஆகவே குயென் அங்கே வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி, நன்றாகத் தின்று நெடுநாள் வாழட்டும். முழங்காலுக்கு இஞ்சித் தைலம் தடவு.

உன் அக்கா,
லுவா

பின்குறிப்பு: மறுநாள் உறையை ஒட்டப் போனேன், அதற்குள் இது. நேற்று சின் மெத்தென்றதைத் தின்றுவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டு, "கடைசியில் அசல் பான் மீ கிடைத்துவிட்டது" என்று எழுதிவிட்டார். இன்று காலை கடை வாசலிலிருந்து தெருமுனைவரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். எல்லாருக்கும் அந்த அசல்தான் வேண்டுமாம், பல் இருக்கிறவர்களுக்கும்! ஹனோய் வாத்தியார்கூட வரிசையில் இருக்கிறார். மேலோடு சீவியே குயெனுக்குக் கை ஓய்ந்துவிட்டது, வாத்துகளுக்கு நடக்க முடியவில்லை. விமானச் சீட்டு எடுக்கத்தான் வேண்டும், ஆனால் உனக்கு. காலமெல்லாம் நகத்தோரம் சீவிய கை, ரொட்டி உனக்கு எம்மாத்திரம்? நானும் யாரும் பார்க்காதபோது அந்தத் தலையணை ரொட்டியில் ஒன்று தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மேலே நான் எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டாதே.