எட்வர்ட் வாத்தியாரின் கப்பு

கோயில் ஏணி முறிந்துபோனதில் ஜோதிமேரிக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. உள்ளூர அவளுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கோயில் முன்சுவரில், வாசலுக்கு மேலே உயரத்தில் இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். பங்குச் சாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஏன் சாமி கவலைப்படுறீங்க? எங்க வீட்டுக்காரரு எதுக்கு இருக்காரு?"

அவள் வீட்டுக்காரர் எட்வர்ட், தங்கச்சிமடத்தில் பி.டி. வாத்தியார். போன மாதம் மதுரைப் பக்கத்து மலையில் வாத்தியார்களுக்கு நடந்த பாறையேற்றப் பயிற்சிக்குப் பாம்பன் சதக் வாத்தியாரோடு போய், ஒரு கப்போடு திரும்பியிருந்தார். கப்பு மாதா படத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்த நாளிலிருந்து ஜோதிமேரிக்குத் தலைகால் புரியவில்லை. மீன் விலை கேட்கப் போனாலும் பேச்சு மலையில் போய்த்தான் நிற்கும்.

"மேரி, அந்தக் கப்பு வந்து..." என்று எட்வர்டும் பலமுறை ஆரம்பித்திருக்கிறார்.

"அடக்கமா இருக்கணும்பீங்க. நீங்க இருங்க. பேசுறத நான் பேசிக்கிறேன்."

இப்போது தெருவே கோயில் முன்னால் கூடிவிட்டது. பவளக் கல்லில் கட்டிய பழைய சுவர். காரை உதிர்ந்து, கைக்கும் காலுக்கும் இடுக்கு நிறைய இருந்தது. எட்வர்ட் கொக்கிவரை அண்ணாந்து பார்த்தார்.

"கயிறு இல்லாம ஏறக் கூடாது. அதுதான் முதல் பாடம்."

வள்ளத்துக் கயிறு வந்தது. அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, நைந்திருக்கிறது என்று தள்ளிவிட்டார். புதுக் கயிறு வந்தது. உள்படியேறி, கொக்கிக்கு வெகு மேலே இருந்த மணிக்கூண்டுத் தூணில் அதைக் கோத்து இரண்டு முனையையும் கீழே விட்டார்கள்.

"தலைக்குக் காப்பு வேணும்."

சாமியார் தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை நீட்டினார்.

"கீழ கயிறு பிடிக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமே. நான் ஏறிட்டா யாரு பிடிக்கிறது?"

"வாத்தியாரே, அந்தக் கப்பு எந்தக் கடையில வாங்குனது?" என்றார் கூட்டத்திலிருந்த யேசுதாஸ். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜோதிமேரிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் தெரு முழுக்க அளந்ததெல்லாம் அவளல்லவா? விறுவிறுவென்று வீட்டுக்குப் போனவள், பாசி எடுக்கக் கடலில் இறங்கும்போது போடும் முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க பிடிங்க. நான் ஏறுறேன்."

அவள் பார்வையைப் பார்த்ததும் எட்வர்ட் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டினார். அவளுக்கு இடுப்பு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவளையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். மறுமுனையைத் தன் முதுகைச் சுற்றி வாங்கிக் காலை ஊன்றினார்.

"நான் சொல்லாம காலை எடுக்காத. இப்ப ஏறு."

நட்சத்திரத்தை முதுகில் தொங்கவிட்டபடி அவள் ஏறினாள். கயிறு தொய்யாமல் கூடவே வந்தது. கொக்கிக்குக் கை எட்டும் நேரம், காலடிக் கல் பொடிந்தது. ஒரு சாண்தான் இறங்கியிருப்பாள். கயிறு பிடித்து நிறுத்திவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கரைவலை இழுத்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்து எட்வர்டுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். ஜோதிமேரி கொக்கியைத் தாண்டி மணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏலே, இழுக்காதீங்கடா. இது கரைவலை இல்ல. விடுங்க கையை."

எட்வர்டுக்கு அப்படியொரு குரல் உண்டென்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. மிரண்டுபோன அத்தனை பேரும் ஒரேயடியாகக் கையை விட்டார்கள். மொத்தப் பாரமும் அவர் இடுப்பில் விழ, ஓரடி முன்னால் இழுபட்டார். கயிறு மட்டும் நழுவவில்லை. பிறகு குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் அவளை மெல்லக் கொக்கிவரை இறக்கினார். நட்சத்திரம் ஏறியது.

தரையில் கால் பட்டதும் ஜோதிமேரி யேசுதாஸைத் தேடிப் பிடித்து, "பொண்டாட்டியையே ஏத்திவிட்டாரு பாத்தீங்கல்ல அண்ணே" என்று நிமிர்ந்து சொன்னாள். ஆனாலும் நெஞ்சுக்குள் உறுத்தியது. புருஷன் பக்கம் குனிந்து முணுமுணுத்தாள்.

"இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுங்க. கப்பு எந்தக் கடையில வாங்குனது?"

எட்வர்டுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவள் ஏறிக்கொண்டிருந்தபோது பாம்பன் பஸ்ஸில் வந்திறங்கி, நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சதக் வாத்தியார்தான் பதில் சொன்னார்.

"கடையிலயா? மலையில இவரு ஒரு அடி ஏறல தங்கச்சி, ஏறி வழுக்குன எங்க அத்தன பேரையும் கீழ நின்னு இப்படித்தான் பிடிச்சாரு, அதுக்குக் குடுத்த கப்பு அது."