சுப் மேடம் என்னை ஒண்ணாம் கிளாஸில் உட்கார வைத்த கதை

சுப் மேடத்திடம் திட்டு வாங்காத ஒருவன் போர்ட் பிளேரில் இருக்கிறான் என்றால், அவன் இன்று காலைக் கப்பலில்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். நாளை மதியத்துக்குள் அவனும் வாங்கிவிடுவான்.

அவருடைய உண்மையான பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தியில் 'சுப்' என்றால் 'பேசாதே'. ஒண்ணாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த அந்த அம்மாள் ஒரு நாளில் பேசியதில் பாதி அந்த ஒரு வார்த்தைதான். பிள்ளைகளிடம் சொன்னார், அது நியாயம். ஜன்னலுக்கு வெளியே கத்திய ஆட்டிடம் சொன்னார். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியின் செல்போனிடம் சொன்னார். ஒரு தடவை துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது, அந்தத் திசையைப் பார்த்து விரலை உதட்டில் வைத்து "சுப்!" என்றாராம். ஊதல் பாதியிலேயே நின்றுபோனதாம். நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஜங்லிகாட் டீக்கடையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்ததற்குக் காரணம் வேறு. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, இந்தத் தீவில் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர். அவர் வேலை மாறிய இடமெல்லாம் நானும் பள்ளி மாறினேன். ஒரு கட்டத்தில் மாறி மாறி அலுத்துப்போய்ப் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பிறகு தேங்காய் உரித்தேன், பஸ்ஸில் கிளீனராக ஓடினேன், மீன்பிடி போட்டில் சமைத்தேன், ஜல்லி உடைத்தேன். இதில் புலம்ப ஒன்றுமில்லை. ஒரே ஒரு லாபம், இனிமேல் எந்த வாத்தியாரும் என்னைப் பார்த்து "உட்கார்" என்று சொல்ல முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

என் மகள் தனு ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த வாரத்திலேயே அந்த நிம்மதி போயிற்று.

"சனிக்கிழமை காலையில அப்பாமாரு எல்லாரும் கிளாஸுக்கு வரணுமாம். அப்பா இல்லாத வீட்ல அம்மா வரணும். கையில டிஃபன் கொண்டாரணும்" என்றாள் என் மனைவி செல்வி.

"டிஃபன் எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? மேடம் சொன்னாங்க."

"கூட்டத்துக்குப் போற மனுஷன் டப்பாவைத் தூக்கிட்டா போவான்?"

வெறுங்கையோடு போனேன். வகுப்பு வாசலில், கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய, குள்ளமான ஒரு அம்மாள் நின்றிருந்தார்.

"பேரு?"

"முருகேசன்."

"உங்க பேரு எனக்கு எதுக்கு? பிள்ளை பேரு சொல்லுங்க."

"தனு."

"அச்சா. இன்னைக்கு மணி அடிக்கிற வரைக்கும் நீதான் தனு. செருப்பைக் கழட்டு. ஜோடியா வை. குதிகால் சுவத்தை ஒட்டி இருக்கணும்."

நீயாம்! வயதில் அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம்கூட இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தால், எனக்குப் பின்னால் நின்ற ஒரு போலீஸ்காரர் ஏற்கெனவே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காவல்துறையே குனிந்த இடத்தில் நான் எம்மாத்திரம்?

அதுதான் சுப் மேடத்தின் வழக்கம். மற்ற பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டு, இத்தனை மணிக்கு வர வேண்டும், இப்படி உடுத்த வேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் அரை நாள் முழுக்கப் பெற்றோரைப் பிள்ளைகளின் பெஞ்சில், பிள்ளைகளின் பெயரில் உட்கார வைத்து, பிள்ளை செய்ய வேண்டிய அத்தனையையும் செய்ய வைப்பார். தண்ணீர் பாட்டிலை ஆணியில் மாட்ட வேண்டும். கையைத் தூக்காமல் பேசக் கூடாது. பாத்ரூமுக்குச் சுண்டுவிரலைக் காட்ட வேண்டும். கழுத்தில் சங்கிலி தொங்க ஒரு மனிதர் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுக் காத்திருந்ததையும், மேடம் கடிகாரத்தைப் பார்த்து "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று கேட்டதையும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவர் ஒரு காண்ட்ராக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அரசாங்கக் கட்டடங்கள் கட்டுபவர். நல்ல உடம்பு. பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் எப்படி நுழைந்தார் என்பது அவருக்கே விளங்கவில்லை. அன்று அவருக்குப் பெயர் ஹரீஷ்.

"நீ என்ன வேலை பாக்குறே?" என்று கிசுகிசுத்தார்.

"கிடைச்ச வேலைங்க."

"ரங்கத்ல குவார்ட்டர்ஸ் கட்டுறேன். கம்பி கட்ட ஆள் வேணும். தங்க ஷெட் இருக்கு, குடும்பத்தோடயே வந்துடு."

"ஹரீஷ்! தனு! சுப்!"

"மேடம், ஒரு பிசினஸ் விஷயமா..." என்று காண்ட்ராக்டர் எழப் பார்த்தார். எழ முடியவில்லை. டெஸ்க்கும் கூடவே எழுந்தது.

"பிசினஸ் பள்ளிக்கூடம் விட்ட பிறகு. ரெண்டு பேரும் வெளியே போய் நில்லுங்க. உதட்டுல விரல்."

வராந்தாவில் நின்றோம். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு குடும்பத் தலைவர்கள்! அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு சிமென்ட் வண்டி வந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஆட்கள் காண்ட்ராக்டரைப் பார்த்ததும் குதித்து இறங்கினார்கள். "சார்! என்ன சார் ஆச்சு?" காண்ட்ராக்டர் கண்ணை மட்டும் உருட்டினார். விரலை எடுக்கும் தைரியம் அவருக்கும் இல்லை.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது மேடம் லீவு விஷயத்துக்கு வந்திருந்தார். எங்கள் ஊரில் யாரும் ஜுரத்துக்கு லீவு கேட்பதில்லை, கப்பலுக்குத்தான் கேட்பார்கள். மெயின்லேண்டுக்கு டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த அன்றைக்குக் கல்யாணம், காதுகுத்து, பரீட்சை எதையும் பார்க்காமல் குடும்பமே மூட்டை கட்டிவிடும். போலீஸ்காரர் கையைத் தூக்கினார்.

"மேடம், அடுத்த வாரம் சென்னைக் கப்பல்ல டிக்கெட் கிடைச்சிருக்கு. பையனுக்கு லீவு..."

"நீங்க லேட்டாப் போனா கப்பல் நிக்குமா?"

"நிக்காதுங்க மேடம்."

"அப்ப என் பாடம் மட்டும் எதுக்கு நிக்கணும்? கப்பல்ல சும்மாதானே படுத்துக் கிடப்பான். எழுத்தெல்லாம் குடுத்து விடுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து எழுத வைக்கணும். வாந்தி வந்தா எழுந்து போய் எடுத்துட்டு வந்து எழுதட்டும்."

போலீஸ்காரர் சல்யூட் அடிக்காத குறை.

பிறகு டிஃபன் மணி. எல்லாரும் டப்பாவைத் திறந்தார்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அந்த மணி அடித்தால் பள்ளிக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன், எல்லாரும் கை கழுவிய பிறகு வருவேன். பழகிய விஷயம்தான். எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தேன்.

"தனு, உக்காரு" என்றார் மேடம். பிறகு எல்லாரையும் பார்த்தார். "இந்த கிளாஸ்ல யாராவது டிஃபன் கொண்டு வரலைன்னா ஏன்னு கேக்கக் கூடாது. மூடியை நடுவுல வைக்கணும், ஆளுக்கு ஒரு கரண்டி போடணும். அவ்வளவுதான் ரூல். ஜல்தி!"

காண்ட்ராக்டரின் எலுமிச்சைச் சாதம் வந்தது. முன் பெஞ்சில் ரீனா என்ற பெயரில் உட்கார்ந்திருந்த வங்காளி மீன்காரம்மா ஒரு பெரிய மீன் துண்டைத் தூக்கி வைத்து, "காவோ, காவோ" என்றாள். சாப்பிட்டேன். இதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வயிறு நிறைந்ததும் கோபத்துக்கும் தெம்பு வந்தது. வீட்டுக்கு வந்து செல்வியிடம் கத்தினேன்: "அந்தம்மா கையில நம்ம பிள்ளையை விட்டா அவ்வளவுதான்! பாப்பா கையைத் தூக்காம மூச்சுகூட விட மாட்டா!"

சில வாரம் கழித்து, வடக்கே ஒரு பகல் பயணத் தூரத்தில் இருக்கும் ரங்கத்தில் வேலை உறுதியானது. குடும்பத்தோடு கிளம்புவது என்று முடிவு செய்தேன். எனக்கு ஒரு இடத்தில் நெடுநாள் இருந்தால் கால் அரிக்கும். செல்வி சண்டை போடவில்லை. "நீங்களே போய் மேடத்துக்கிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

பாடம் நடந்துகொண்டிருந்தபோது போனேன். செருப்பைக் கழற்றிச் சுவரை ஒட்டி வைத்தேன். கை தானாகச் செய்துவிட்டது.

"பிள்ளையை ரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் மேடம். டிசி வேணும்."

தடுப்பார், திட்டுவார் என்று வரும் வழியெல்லாம் பதில் தயார் செய்திருந்தேன். என் பிள்ளை, என் இஷ்டம் என்று கத்துவதாக இருந்தேன்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா இந்த கிளாஸ்ல ஒரு பழக்கம் இருக்கு. வெளியே போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போகணும். பாத்ரூம் போனாலும் சரி, ரங்கத் போனாலும் சரி. இங்க வந்து நின்னு சொல்லுங்க."

கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். அத்தனை கண்கள்! "தனு என்கூட ரங்கத் வர்றா" என்றேன்.

ஒரு பையன் கையைத் தூக்கினான். "எப்ப திரும்பி வருவா, அங்கிள்?"

"வர மாட்டா."

"பாத்ரூம் போனா வருவாங்க. தண்ணி குடிக்கப் போனா வருவாங்க. கப்பல்ல போனாகூட வருவாங்க. ஏன் வர மாட்டா?"

மேடம் "சுப்" சொல்லிக் காப்பாற்றுவார் என்று பார்த்தேன். வாழ்நாளில் அந்த ஒரு முறை அவர் சொல்லவில்லை. மீன்காரம்மாவின் மகள் ரீனா இந்தியில் கேட்டாள்: "அங்கே அவ பக்கத்துல யார் உக்காருவாங்க?"

அதற்குள் தனு எழுந்துவிட்டாள். ஆணியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பென்சிலைப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பையில் போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அழவில்லை. எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வயதில் நானும் அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்காமல் அவர் பின்னால் நடப்பேன். அவ்வளவு சமர்த்தாக அவள் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. தரையில் புரண்டு அழுதிருந்தால் அடித்தாவது இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

"போய் உக்காரு பாப்பா" என்றேன். "மேடம், நான் மட்டும் போறேன்."

"கையைத் தூக்கிட்டுச் சொல்லணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற மனிதனிடம் பேசுகிற பேச்சா இது? கையைத் தூக்கினேன். "நான் மட்டும் போறேன் மேடம்."

"அச்சா. போயிட்டு வாங்க."

ரங்கத் வேலை நல்ல வேலைதான். ஷெட்டில் மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், அட்டைப்பூச்சி காலைக் கடிக்கும், அதெல்லாம் எங்கும் உள்ளது. மாதம் ஒரு முறை, சனிக்கிழமை காலையில் கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். வழியில் படகுக்காக ஜெட்டித் துறையில் காத்துக் கிடந்து வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மேடம் மாதாமாதம் பெற்றோரை உட்கார வைக்கும் கூட்டமோ அதே சனிக்கிழமை காலையில். அது எனக்கு இல்லை என்று மனதில் முடித்துக்கொண்டேன். கப்பலுக்கே வளைந்து கொடுக்காத அம்மாள், ரங்கத் பஸ்ஸுக்கா வளைவார்?

முதல் முறை வீட்டுக்கு வந்தபோது செல்வி சொன்னாள்: "நாளைக்குக் கூட்டம். இன்னைக்குன்னு இருந்துச்சு, மேடம் நாளைக்கு மாத்திட்டாங்க. டிஃபன் கட்டித் தர்றேன், மறுக்கப்படாது."

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்குப் போனேன். வராந்தா முழுக்கப் புகைச்சல். காண்ட்ராக்டர் தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்தார். மீன்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "சண்டே என்னோட மெயின் யாவாரம்! யாருக்காக இப்படி மாத்துறது, போலோ மேடம்?"

"சுப்!" என்றார் மேடம். "நேத்து கிளாஸ்ல வெள்ளையடிச்சாங்க. அதான்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். பழுப்பேறிப் போன சுவரில், எந்த வருஷத்துப் பிள்ளைகளோ கிரேயானில் கிறுக்கிய மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு அப்படியே இருந்தன.

கையைத் தூக்கினேன்.

"என்ன தனு?"

"வெள்ளை ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றேன்.